விருந்தின் முதற்கவளம்

(திருச்சிராப்பள்ளியில் மாதர் சங்கமொன்றின் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலை போட்டு அன்னமிடும் விருந்தைப் பற்றி இந்தச் சபையில் நான் புதிதாகச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. எந்தப் பதார்த்தம் இலையின் எந்த மூலையில் வரவேண்டும், பருப்புக்குப் பின் எது, ரசத்துக்கு முன் எது, கடைசியில் மோர் எப்போது என்பவையெல்லாம் நம் பாட்டிமார்களின் காலத்துக்கும் முன்னரே வகுக்கப்பட்டு, சாஸ்திரம் போலவே நிலைபெற்றுவிட்டன. ஆனால் பிறந்தநாள், வேலை உயர்வு, வெளிநாட்டிலிருந்து திரும்பிய பிள்ளை என்று ஏதோ ஒரு சுபநிமித்தமாக, மாலை நேரத்தில் பதினைந்து இருபது பேர் கூடத்தில் கூடி, ஒரு மணி நேரம் உரையாடிக்கொண்டிருந்துவிட்டுப் பிறகு சாப்பாட்டுக்கு எழுந்திருக்கிற வழக்கம் அண்மைக் காலத்தில் நம் ஊர் வீடுகளிலும் வேரூன்றிவிட்டது. அந்த ஒரு மணி நேரத்துக்கு என்ன கொடுப்பது என்பதற்கு மட்டும் நம்மிடம் இன்னும் ஒரு தெளிவான சம்பிரதாயம் ஏற்படவில்லை.

சம்பிரதாயம் ஏற்படாததன் விளைவு என்ன என்பதை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். வந்தவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருக்க, அவர்களை அழைத்த இல்லத்தரசி சமையலறையில் எண்ணெய்ச் சட்டிக்கு முன் நின்று பஜ்ஜி போட்டுக்கொண்டிருக்கிறார். சூடாகக் கொடுக்க வேண்டும் என்ற அன்பே அவரை அங்கே கட்டிப்போடுகிறது. நண்பர்கள் வந்தது அவரைப் பார்ப்பதற்காக. அவரோ அவர்கள் விடைபெறும்போதுதான் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறார். திருக்குறளில் விருந்தோம்பலுக்கென்று ஒன்பதாவது அதிகாரம் முழுவதையும் வள்ளுவர் ஒதுக்கியிருப்பதும், அதில் உண்பிப்பவரின் முகத்துக்கு அத்தனை முக்கியத்துவம் கொடுத்திருப்பதும் நீங்கள் அறிந்த விஷயம். அந்த முகமே அடுப்படியில் மறைந்துவிடுமானால் பண்டம் எவ்வளவு ருசியாக இருந்து என்ன பயன்?

ஆகவே விருந்தின் முதற்கவளத்துக்கு இரண்டு லட்சணங்கள் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். முதலாவது, அது முன்கூட்டியே செய்து முடிக்கப்பட்டு, விருந்தினர் வரும் வேளையில் கிருகிணியின் கையையும் மனத்தையும் விடுதலை செய்வதாக இருக்க வேண்டும். இரண்டாவது, வந்திருப்பவர்களில் ஒருவர்கூட, தம் ஆசாரத்தை முன்னிட்டோ விரதத்தை முன்னிட்டோ, "எனக்கு வேண்டாம்" என்று கையை எடுக்க நேராததாக இருக்க வேண்டும். இவ்விரண்டு லட்சணங்களும் பொருந்திய ஒரு பண்டமாக, இலை தழைகள் சேர்த்துப் பிசைந்த பாலாடைக்கட்டியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பாலாடைக்கட்டி என்றதும், அது அயல்நாட்டுச் சரக்கு, சீஸ் என்று டப்பாவில் விற்பது, காவேரிக் கரையில் அதற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் உலகத்தில் பாலும் பசுந்தழையும் ஒன்றாகக் கிடைக்கும் இடங்களிலெல்லாம் மனிதர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே வந்திருக்கிறார்கள். துருக்கி தேசத்தின் கிழக்கே வான் என்னும் ஏரியைச் சுற்றியுள்ள மலைநாட்டில், வசந்த காலத்தில் மலைச்சரிவுகளில் முளைக்கும் காட்டுத் தழைகளைப் பறித்து, ஆட்டுப்பால் கட்டியில் கலந்து, மண்ணில் புதைத்துப் பதப்படுத்தி, குளிர்காலத்தில் எடுத்து உண்கிறார்கள். பிரான்ஸ் தேசத்தின் நார்மண்டிப் பகுதியில் பிரான்சுவா பூர்சான் என்பவர் 1957-ஆம் ஆண்டில் மிருதுவான பாலாடைக்கட்டி செய்யும் தொழிலைத் தொடங்கி, பூண்டும் தழைகளும் கலந்த கட்டியைத் தம் பெயராலேயே உலகெங்கும் பிரசித்தமாக்கினார். சிரியா, லெபனான் முதலிய நாடுகளில் தயிரைத் துணியில் கட்டி வடித்து, லப்னே என்ற பெயரில், ஆலிவ் எண்ணெயும் உலர்ந்த தழைப்பொடியும் தூவி ரொட்டியோடு உண்பது அன்றாட வழக்கம். நம் மராட்டியச் சகோதரர்கள் அதே வடித்த தயிரில் சர்க்கரையும் குங்குமப்பூவும் ஏலமும் சேர்த்து ஸ்ரீகண்டம் செய்கிறார்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம். அயலாரின் உணவை அன்போடு ஏற்றுத் தன்னுடையதாக்கிக்கொள்வதற்கு ஸ்ரீரங்கத்தைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் எங்கே இருக்கிறது? அரங்கநாத சுவாமி திருக்கோயிலின் அர்ஜுன மண்டபத்தில், சித்திர வடிவாக எழுந்தருளியிருக்கும் துலுக்க நாச்சியாரை நீங்கள் எல்லோரும் சேவித்திருப்பீர்கள். உற்சவமூர்த்தியான நம்பெருமாளின் திருமேனிமேல் பேரன்பு கொண்டு டில்லியிலிருந்து பின்தொடர்ந்து வந்த சுல்தானின் புத்திரி என்று கர்ணபரம்பரையாக வழங்கும் அந்த நாச்சியாருக்கு நைவேத்தியமாவது என்ன? கோதுமை ரொட்டியும் வெண்ணெயும். நெல்லே விளையும் காவேரி டெல்டாவின் தலைவாசலில், சோறே பிரசாதமாக விளங்கும் பெரிய கோயிலில், வடநாட்டுப் பெண்ணுக்கு அவள் பிறந்த வீட்டு உணவையே அளிக்க வேண்டும் என்று நம் முன்னோர் நினைத்தார்களே, அந்த நினைப்பே விருந்தோம்பலின் சாரம். ரொட்டியின்மேல் வெண்ணெய் வைத்து அளிக்கும் அந்த உபசாரத்துக்கும், தட்டையின்மேல் தழை சேர்ந்த பாற்கட்டியை வைத்து நீட்டும் உபசாரத்துக்கும் தூரம் அதிகமில்லை.

இன்னொரு செய்தியையும் இங்கே நினைவுகூர்வது பொருத்தம். ராமானுஜர் காலத்தில், பெருமாளின் திருமுகம் வாடியிருப்பதைக் கண்டு அவர் காரணம் விசாரித்ததாகவும், முன்தினம் நாவற்பழமும் தயிர்சாதமும் சேர்த்து அமுது செய்விக்கப்பட்டது தெரியவந்ததாகவும், அதற்குப் பரிகாரமாகத் தன்வந்திரி சந்நிதியில் கஷாயம் தயாரித்துச் சமர்ப்பிக்க ஏற்பாடு செய்ததாகவும் ஸ்ரீரங்கத்தில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். தயிர் என்பது அமிர்தம். ஆயினும் எதனோடு சேர்க்கிறோம், எந்த வேளையில் கொடுக்கிறோம் என்ற விவேகம் அதற்கு வேண்டும் என்பதும், ஊட்டுகிறவன் உண்டவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் இந்த வரலாற்றில் அடங்கியிருக்கின்றன. நம் வீடுகளில் தயிர்சாதத்துக்குத் துணையாக இஞ்சியும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் வந்து சேர்ந்ததும், நார்த்தை இலையையும் எலுமிச்சை இலையையும் ஓமம், மிளகாய், உப்பு இவற்றோடு இடித்து வேப்பிலைக்கட்டியாக உருட்டி ஜாடியில் வைத்துக்கொண்டதும் இந்த விவேகத்தின் பயன்களே. பாலின் குளிர்ச்சியும் இலையின் காரமும் ஒன்றையொன்று நிறைவு செய்யும் என்ற ரகசியத்தை அறிந்தவர்களுக்கு நான் இன்று சொல்லப்போகும் பண்டம் பழகிய சுவையாகவே இருக்கும்.

செய்முறைக்கு வருகிறேன். இருபத்தைந்து பேருக்கு, தலைக்கு இரண்டு வில்லைகள் என்று கணக்கிட்டால், இரண்டு லிட்டர் கொழுப்புச் சத்துக் குறையாத பால் போதும். பாலைப் பொங்கக் காய்ச்சியவுடன் இறக்கிவிடாமல், சிறு தீயில் பத்து நிமிஷம் கிளறிக்கொண்டே வைத்திருக்க வேண்டும். பாலிலுள்ள கேசீன் என்ற புரதம்தான் தயிராகக் கட்டுவது. அதோடு, சாதாரணமாகத் தெளிநீரில் கரைந்து போய்விடும் மற்றொரு வகைப் புரதமும், நன்றாகக் காய்ச்சிய பாலில் இந்தக் கேசீனோடு ஒட்டிக்கொண்டுவிடுகிறது. நன்றாகக் காய்ந்த பாலில் தோய்த்த தயிர் கத்தியால் வெட்டலாம்போல் இருப்பதற்குக் காரணம் இதுவே. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், புளிக்காத தயிராகப் பார்த்து உறை ஊற்றி, தோய்ந்தவுடன் புளிக்க விடாமல் எடுத்துவிட வேண்டும். திருச்சியின் சித்திரை வைகாசி வெயிலில் நாலைந்து மணி நேரத்துக்குள் தோய்ந்துவிடும். மார்கழியில் இரவு முழுவதும் தேவைப்படும். இந்தக் கணக்கு உங்கள் சமையலறைக்குத் தெரிந்த அளவுக்கு எந்தப் புஸ்தகத்துக்கும் தெரியாது.

அடுத்தது வடிப்பது. பழைய மல் வேட்டித் துண்டு ஒன்றை வெந்நீரில் கொதிக்கவைத்துப் பிழிந்து, ஒரு வடிதட்டின்மேல் இரண்டாக மடித்து விரித்து, தயிரை உடைக்காமல் அகப்பையால் பெயர்த்துப் பெயர்த்து வைக்க வேண்டும். துணியின் நான்கு முனைகளையும் கூட்டி முடிச்சிட்டு, முதல் அரைமணி நேரம் தானாக வடிய விடுங்கள். துணியின் வெளிப்புறத்தில் முதலில் வேர்வைத் துளிகளைப்போல் நீர் அரும்பும். பிறகு இளம்பச்சை சாயல் கொண்ட மஞ்சள் நீர் நூலாக இறங்கும். அந்த நூல் அறுந்து சொட்டுச் சொட்டாக மாறும்போது, வடிதட்டோடு ஒரு பாத்திரத்தின்மேல் ஏற்றி, மேலே ஒரு தட்டும் அதன்மேல் ஒரு சிறு கனமும் வைத்து, குளிர்சாதனப் பெட்டிக்குள் இரவு முழுவதும் விட்டுவிட வேண்டும். சமையலறைக் கொக்கியில் தொங்கவிடுவது குளிர்ந்த தேசத்தாருக்குச் சரி; அக்கினி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் நம் ஊரில் அப்படிச் செய்தால் விடிவதற்குள் புளித்துப் போகும். இரண்டு லிட்டர் பாலிலிருந்து முக்கால் கிலோவை ஒட்டி, வெண்ணெய்போல் வழுவழுப்பான கட்டி கிடைக்கும். கீழே இறங்கிய தெளிநீரைக் கொட்டிவிடாதீர்கள். சப்பாத்தி மாவு பிசைவதற்கும் ரசத்துக்கும் அது மிகவும் உகந்தது.

கைபிடித்து உருட்டும் அளவு கெட்டியாக வேண்டுமென்றால், தனியாக ஒரு லிட்டர் பாலைக் காய்ச்சி, எலுமிச்சஞ்சாறு விட்டுத் திரித்து, வடித்து, சூடாறுமுன் உள்ளங்கையால் மணல்பதம் போகும்வரை தேய்த்துப் பிசைந்து, வடித்த தயிரோடு சேர்த்துக்கொள்ளலாம். இவ்வாறு செய்வதில் ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. மேனாட்டுப் பாலாடைக்கட்டிகள் பலவற்றில் பாலை உறையச் செய்வதற்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் என்ற சத்து சேர்க்கப்படுகிறது. தாவர வகையிலும் நுண்ணுயிர் வகையிலும் செய்த சத்துகள் உண்டென்றாலும், எதில் எது என்று விசாரித்தே வாங்க வேண்டியிருக்கிறது. சுத்த சைவமான நியமத்தை அனுஷ்டிக்கும் ஒரு விருந்தினர் இந்த ஐயத்தோடு தட்டைப் பார்க்கும்படி விடுவது உபசாரம் ஆகாது. உறைமோரும் எலுமிச்சஞ்சாறும் கொண்டு நம் வீட்டில் செய்த கட்டியில் அந்த ஐயத்துக்கே இடமில்லை.

இனி இலைகளைக் கவனிப்போம். இந்தப் பண்டத்தின் ஜீவன் இவற்றில்தான் இருக்கிறது. பிரெஞ்சுக்காரரான பூர்சான் பூண்டைப் பிரதானமாக வைத்தார். ஆனால் பூண்டும் வெங்காயமும் சேர்க்காத இல்லங்கள் ஸ்ரீரங்கத்து உத்தர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் எத்தனையோ உண்டு. அவர்களையும் ஒரே தட்டில் உபசரிக்க வேண்டுமானால் பூண்டு இல்லாமலேயே மணத்தைக் கொண்டுவர வேண்டும். அதற்கு நமக்கு ஒரு குறையும் இல்லை. விடியற்காலையில் காந்தி மார்க்கெட்டுக்குப் போனால் வேர் மண் உலராத கொத்தமல்லியும் புதினாவும் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். கறிவேப்பிலையும் ஓமவல்லியும் நார்த்தை இலையும் பல வீடுகளின் கொல்லைப்புறத்திலேயே இருக்கின்றன.

ஒவ்வோர் இலைக்கும் ஒரு ஸ்வபாவம் உண்டு. அதை அனுசரித்தே அதைக் கையாள வேண்டும். கொத்தமல்லியைப் பலமுறை அலசி, துணியில் பரப்பி, ஈரம் அறவே போன பிறகே பொடியாக நறுக்க வேண்டும். ஈரம் இருந்தால் உப்பு பட்டவுடன் நீர் கக்கிக் கட்டியைத் தளர்த்திவிடும். கறிவேப்பிலையைப் பச்சையாகப் போடாமல், ஒரு கரண்டி நெய்யில் மொறுமொறுவென்று வறுத்துக் கையால் நொறுக்கிப் போட வேண்டும். ஓமவல்லி நீர்ச்சத்து மிகுந்தது, காரமும் மிகுந்தது. ஐந்தாறு இலைகளுக்கு மேல் கூடாது. நார்த்தை இலையில் இளந்தளிராகப் பார்த்து எடுத்து, நடு நரம்பை அடியிலிருந்து நுனிவரை உரித்து எறிந்துவிட்டு, இரண்டு மூன்று இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இறுகச் சுருட்டி, தலைமயிர் கனத்துக்குச் சீவ வேண்டும். அந்த நரம்பு தங்கிவிட்டால் கசப்பும் நாரும் பல்லில் அகப்படும், அது நீங்கிய இலையோ நறுக்கும்போதே அறை முழுவதும் மணக்கும்.

இஞ்சியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் ஒரு சத்து இருக்கிறது. பச்சையாகத் துருவிக் கலந்து இரவெல்லாம் வைத்தால் கட்டி நெகிழ்ந்து கசந்துபோகும். நெய்யில் ஒருதரம் நன்றாக வதக்கிவிட்டால் அந்தச் சத்து அடங்கிவிடும், மணம் நிற்கும். ஆகவே கறிவேப்பிலை வறுத்த அதே நெய்யில் ஒரு தேக்கரண்டி இஞ்சித் துருவலையும் ஒரு சிட்டிகைப் பெருங்காயத்தையும் வதக்கி, முற்றிலும் ஆறவைத்துச் சேருங்கள். முக்கால் கிலோ கட்டிக்கு ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு தேக்கரண்டி ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு, கையளவு கொத்தமல்லி, அதில் பாதி புதினா, அரைத் தேக்கரண்டி வறுத்த சீரகம், நான்கு நார்த்தை இலைகள் என்பது ஏறக்குறைய அளவு. மிளகாய் வேண்டுவோர் விதை நீக்கிச் சேர்த்துக்கொள்ளலாம். குழந்தைகளும் முதியோரும் வரும் சபைக்கு மிளகே உத்தமம். எல்லாவற்றையும் மரக்கரண்டியால் மெதுவாகக் கலந்து, மூடி, மூன்று நான்கு மணி நேரமாவது குளிரில் வைத்தால்தான் இலைகளின் தைலம் கொழுப்பில் இறங்கி மணம் ஒன்றுபடும். கலந்தவுடன் ருசி பார்த்து மணம் போதவில்லை என்று மேலும் தழையைக் கொட்டுவது அவசரம்.

எதன்மேல் வைத்துக் கொடுப்பது? மேனாட்டு வழக்கப்படி பிஸ்கோத்தின்மேல்தான் வைக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. வீட்டில் தட்டிய சிறு தட்டை இதற்கென்றே அமைந்ததுபோல் பொருந்தும். அரிசி மாவின் மொறுமொறுப்பும் பாற்கட்டியின் மென்மையும் வாயில் ஒன்றுசேரும்போது உண்டாகும் சுகம் தனி. வெயில் நாளில் பிஞ்சு வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கி, ஈரம் ஒற்றி எடுத்து, அதன்மேல் வைக்கலாம். நாச்சியாரின் நைவேத்தியத்தை நினைந்து, மெல்லிய கோதுமை ரொட்டியில் தடவிச் சுருட்டி, விரற்கடை அகலத்துக்கு வெட்டி அடுக்கினால், பார்க்கவும் லட்சணமாக இருக்கும். தட்டையின்மேல் மட்டும் முன்கூட்டி வைத்துவிடக் கூடாது, நமுத்துப்போகும். கட்டியை ஒரு கிண்ணத்திலும் தட்டைகளை ஒரு தாம்பாளத்திலும் வைத்துவிட்டு, கூடத்தில் அமர்ந்தபடியே, பேச்சின் நடுவே நீங்களே தடவி எடுத்து நீட்டுங்கள்.

பாலும் தழையும் சேர்ந்தது என்பதால் சுத்தத்தில் ஜாக்கிரதை அவசியம். தயிரின் புளிப்பு பல கிருமிகளைத் தடுக்கும் காவல்தான். ஆனாலும் நம் ஊர்க் கோடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்திருக்கலாகாது. கிண்ணத்தைப் பனிக்கட்டி நிரப்பிய அகன்ற பாத்திரத்தில் அமர்த்திவையுங்கள். மொத்தத்தையும் ஒரே தடவை வெளியே எடுக்காமல், பாதியை உள்ளே வைத்திருந்து பிறகு கொண்டுவாருங்கள். கட்டியைச் செய்த மூன்றாம் நாளுக்குள் தீர்த்துவிடுவது நலம்.

சகோதரிகளே, இவ்வளவும் ஒரு சிறு வில்லைக்காகவா என்று நீங்கள் நினைக்கலாம். உழைப்பு இருக்கிறது, மறுக்கவில்லை; ஆனால் அந்த உழைப்பு முழுவதும் விருந்தினர் வருமுன்னரே அமைதியில் நடந்து முடிந்துவிடுகிறது. பால் தானாகத் தோய்கிறது. தயிர் தானாக வடிகிறது. தழை தானாக மணம் விடுகிறது. விருந்தினர் வாசற்படி ஏறும்போது உங்கள் அடுப்பு அணைந்திருக்கிறது, உங்கள் கை ஓய்ந்திருக்கிறது. விரதக்காரரும் பூண்டு நீக்கியவரும் அயலூர் நண்பரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவருக்கென்று தனியாக வேறொன்று தேடி நீங்கள் உள்ளே ஓட வேண்டியதில்லை.

அயல்நாட்டுப் பண்டம் ஒன்று நம் வீட்டுக்குள் வருவதைப் பற்றி அஞ்சவும் வேண்டாம், அது அயல்நாட்டது என்பதற்காகவே போற்றவும் வேண்டாம். நம் பாலால், நம் இலையால், நம் விருந்தினரின் நியமத்துக்கு இசைய அதைச் செய்துகொள்ளும் சக்தி நமக்கு உண்டு. ரொட்டியையும் வெண்ணெயையும் பெரிய கோயிலின் நைவேத்தியமாக்கிய ஊர் இது. ஆகவே அடுத்த முறை உங்கள் இல்லத்தில் நண்பர்களை அழைக்கும்போது, முன்தின இரவே இரண்டு லிட்டர் தயிரை வடியவிடுங்கள். அன்றைய மாலையில் எண்ணெய்ச் சட்டியை ஏற்றாமல், அவர்களோடு கூடத்தில் வந்து உட்காருங்கள். விருந்துக்கு வந்தவர்கள் உண்மையில் விரும்பி வந்தது அதற்காகவே.